சீலன்ட் தீர்ந்துபோன நாள்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் பத்தாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், அல்போன்சம்மாள் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிடுவார். திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே அதை மாட்டி வைத்திருந்தார். ஆண்டவரைக் கும்பிட நினைக்கிற கண் முதலில் கடிகாரத்தில்தான் போய் முட்டும். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரே அதன் வரலாற்றை இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று.

வரலாறு ஒன்றும் பெரிதல்ல. மகள் மதலேனா சிலேத்தாரில், சின்ன விமானங்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் என்ஜினியர். எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, வேலையை இன்னும் எப்படி நன்றாகச் செய்யலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு. மதலேனா 1984இல் சொன்ன யோசனை, வரிசை எண் முப்பத்தொன்று, முதல் பரிசு வாங்கியது. பரிசுதான் அந்தக் கடிகாரம்.

யோசனை இதுதான். தீவுகளுக்குப் பறந்து வரும் விமானங்களில் உப்புக் காற்று பட்டு, உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களிலெல்லாம் ஆறே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். இணைப்பை மூடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்திலும் தேன் நிறத்தில் ஒரு பசையை, வேலையாட்கள் மொழியில் சீலன்டை, மெல்லிசாகத் தடவி மூடிவிட்டால் உப்பு உள்ளே போகாது என்றாள். போகவும் இல்லை. பொடி மாயமாய் மறைந்தது. அவளுடைய யோசனை ‘வேலைத்தாள் 31’ என்று அச்சாகி, விமானக் கொட்டகையான ஹேங்கரின் சுவரில் ஏறியது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

இந்தக் கதை நடந்தது 1987இல். அப்போது மதலேனாவுக்கு வயது முப்பத்திரண்டு. கம்பெனி பத்தொன்பது பேர் உட்காரும் விமானங்களில் பழைய முள் மீட்டர்களைக் கழற்றிவிட்டு, எண்கள் ஒளிரும் மின்னணுத் திரைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. முள் மீட்டர் முரட்டு ஜீவன், பக்கத்தில் என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாது. திரை அப்படியல்ல. ஒலிபரப்புக் கோபுரத்தின் ரேடியோ அலையும் கப்பல் ரேடாரின் அலையும் வயர் வழியாக உள்ளே புகுந்து அதைக் குழப்பிவிடும். சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் நிறையக் கப்பல், கப்பலுக்குக் கப்பல் ரேடார். அதனால் அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒரு புது நிபந்தனை வந்தது. விமானத்தைப் பலமான ரேடியோ அலைக்கு நடுவில் நிறுத்த வேண்டும், திரையில் ஓர் எண்கூட அசையக் கூடாது, அப்போதுதான் சான்றிதழ். இதற்கு முன்பு திரை பொருத்திய நான்கு விமானங்கள் பழைய, இலேசான சோதனையில் தேறி ஏற்கெனவே பயணிகளோடு பறந்துகொண்டிருந்தன. புது நிபந்தனையின் கீழ் வந்த முதல் விமானம் ஐந்தாவது.

இந்தச் சோதனைக்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்றிருந்த நிலையில், கம்பெனி துணிந்து கருவிகளை வாங்கி ஒரு வேனில் அடுக்கியது. மதலேனா ஆறு வாரம் வெளிநாட்டில் தங்கிப் பழகி வந்தாள். வெள்ளிக்கிழமை ஹாலம் என்ற வெளிநாட்டு அதிகாரி வந்து சோதனையைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தி என்றால் விமானத்துக்குச் சான்றிதழ். அதோடு, இனிமேல் இந்தச் சோதனைகளில் கையெழுத்திடும் உரிமை மதலேனாவுக்கு. அந்த ஹேங்கரில் அதுவரை யாருக்கும் கிடைக்காத உரிமை அது. அவள் ஆசையை மூடி மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒத்திகை. விமானத்தைத் திடலின் ஓரத்தில் நிறுத்தினார்கள். எதிரே முக்காலியில் ஆன்டெனா, தள்ளி வேன். அலை பாயும்போது விமானத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பதால் திரையைப் பார்க்க ஒரு கேமரா. என்ஜின் ஓடுகிற மாதிரி இரண்டு பக்கத்துக்கும் கைப்பம்பால் எண்ணெய் அழுத்தம் ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். இடப்பக்கம் தொண்ணூறு, வலப்பக்கம் தொண்ணூறு. மதலேனா வேனுக்குள் உட்கார்ந்து அலைவரிசையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனாள். பத்தரை மணிக்கு வலப்பக்கத் தொண்ணூறு நாற்பதாகி, நாற்பது பூஜ்யமாகியது. அலையை நிறுத்தினாள், தொண்ணூறு திரும்பி வந்தது. மறுபடி செலுத்தினாள், மறுபடியும் பூஜ்யம்.

எல்லாரும் வேனைத்தான் சந்தேகப்பட்டார்கள். புதுக் கருவி, புது ஆள், சந்தேகப்பட வசதியாக இருந்தது. மேலாளர் நாகூர் கனி நல்ல மனிதர், ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க அவருக்கு வியர்த்தது. கருவியைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கலாமா என்று கேட்டார்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு சார்,” என்றாள் மதலேனா. “ஏரோபிளேன் ஏதோ சொல்லுது. என்னன்னு கேப்போம் லா.”

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கேட்டாள். வலப்பக்கத் திரையைக் கழற்றி இடப்பக்கம் போட்டாள், இடப்பக்கத்தை வலப்பக்கம் போட்டாள். பூஜ்யம் வலப்பக்கத்திலேயே நின்றது. அழுத்தத்தை அளக்கும் கருவிகளை மாற்றினாள், அப்போதும் வலப்பக்கம்தான். ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவில் ஓடும் கேபிளில். கேபிளைச் சுற்றி உலோகக் கம்பிவலை உறை ஒன்று உண்டு. அந்த உறை ஓர் உலோக வளையத்தில் முடிந்து, வளையம் விமானத்தின் உடம்போடு நான்கு திருகாணிகளால் இணைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் அலையை வாங்கி உடம்புக்குள் விட்டுவிடுவது உறையின் வேலை. மின் தொடர்பை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்க இணைப்பிலும் அப்பழுக்கில்லை என்றது மீட்டர்.

வயர் வேலை முழுக்க மருதப்பனுடையது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்தவர், நாற்பத்தெட்டு வயது. பிரிட்டிஷ்காரர்கள் விமானத்தளம் வைத்திருந்த காலத்திலேயே சிலேத்தாரில் வேலைக்குச் சேர்ந்தவர். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அப்படிப்பட்டவர் திங்கட்கிழமையிலிருந்து பேச்சு மூச்சில்லாமல் இருந்தார். தன் வேலையை ஓர் ஆள் பிரித்து மேய்வதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும் என்று மதலேனா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அவரே வந்து, மத்தியானம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடலாமா, ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். கம்பெனி வேனில் போனார்கள். மார்க்கெட்டின் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. மருதப்பன் பிரியாணியை வாங்கி வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியாணியை ஆறவிடுகிற ஆளல்ல அவர். விஷயம் பெரிது என்று அப்போதுதான் மதலேனாவுக்குப் புரிந்தது.

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா,” என்றார். “அந்த ரெண்டு இணைப்புல ஒண்ணு வேலைத்தாள் படி செய்யல. சீலன்ட் டின் பாதியில தீர்ந்துபோச்சு. புது டின் வர ரெண்டு நாள் ஆகும்னான் ஸ்டோர்காரன். அன்னிக்கே முடிக்கணும்னு அவசரம். பழைய காலத்து மாதிரி ரெண்டு பக்கமும் பளபளன்னு சுரண்டி, ஸ்குரூ போட்டு இறுக்கி, வெளி ஓரத்துல மட்டும் பெயின்ட் அடிச்சேன். தாள்ல முப்பத்தொண்ணுபடி செஞ்சேன்னு கையெழுத்தும் போட்டுட்டேன். என் கையெழுத்து பொய்க் கையெழுத்தும்மா. மூணு நாளா தூக்கமில்ல.”

“எந்தப் பக்கம்ணே?”

“இடப்பக்கம்.”

மதலேனா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இடப்பக்கம் என்பது ஒழுங்காக வேலை செய்கிற பக்கம். சட்டத்தை மீறிப் போட்ட இணைப்பு மலை மாதிரி நிற்கிறது. அவள் எழுதிய தாளை வரி பிசகாமல் பின்பற்றிய இணைப்பு பூஜ்யம் காட்டுகிறது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு நாளாக முறைத்துக்கொண்டிருந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் சீலன்ட் ஒரு தோல் மாதிரி கிடக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவது நான்கு திருகாணிகளின் வழியாக மட்டும். மீட்டருக்கு அது போதும், ஒரே ஒரு திருகாணி தொட்டாலும் சரி என்றுதான் சொல்லும். ரேடியோ அலைக்குப் போதாது. இட்லிப் பானையின் மூடி சுற்றிலும் அழுந்தி உட்கார வேண்டும், நான்கு இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஆவி மிச்ச இடத்தில் வெளியேறாதா? இங்கே ஆவிக்குப் பதில் அலை, அது வெளியேறவில்லை, உள்ளே புகுந்தது.

அடுத்த நிமிடம் அந்தச் சந்தோஷத்தின் மண்டையில் ஓர் அடி விழுந்தது. தாளை எழுதியது அவள். பறந்துகொண்டிருக்கிற நான்கு விமானங்களிலும் சீலன்ட் தீரவில்லை. அவற்றில் இரண்டு பக்கமும் தாள்படி, அழகாக, தேன் நிறத்தில் பூசியிருக்கிறது.

“நீங்க பண்ணதுதான் சரிண்ணே,” என்றாள். “தப்பு பண்ணது நான். சாப்பிடுங்க, ஆறிப்போச்சு.”

திரும்பிப் போகும் வழியில் ஒரு கடையில் சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுருள் வாங்கிக்கொண்டாள். வலப்பக்க இணைப்பின் விளிம்பைச் சுற்றி அதை அழுத்திச் சுற்றி, வேனில் போய் உட்கார்ந்து அலையைச் செலுத்தினாள். தொண்ணூறு அசையவில்லை. தாளை உரித்தாள், பூஜ்யம். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. வளையத்தைக் கழற்றியபோது தேன் நிறத் தோல் முழுசாக உரிந்து வந்தது, நான்கு ஓட்டையோடு.

வியாழக்கிழமை காலை மருதப்பன் வலப்பக்கத்தையும் தன் பழைய முறைப்படி சுரண்டிப் பூட்டினார். வாயும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. முழுச் சோதனையும் ஓடியது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு பக்கமும் தொண்ணூறு. ஹேங்கரில் கை தட்டினார்கள். நாகூர் கனி மதலேனாவைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இணைப்பில் தொடர்பு சரியில்லை, சரிசெய்தாயிற்று என்று அறிக்கையில் எழுதினால் அது உண்மைதான். மற்ற நான்கு விமானங்களும் எப்படியும் ஆறு மாதத்துக்குள் பராமரிப்புக்கு வரும். வரும்போது சத்தமில்லாமல் சுரண்டிப் போட்டுவிடலாம். நாளைக்கே நான்கு விமானத்தையும் தரையில் இறக்கச் சொன்னால், ஹாலம் இந்த ஹேங்கரையே நம்ப மாட்டார். சோதனை மறுபடி வெளிநாட்டுக்குப் போய்விடும், அவளுடைய உரிமையும் அதோடு போய்விடும். இதையெல்லாம் அவர் அவள்மீது இருந்த அக்கறையில்தான் சொன்னார்.

மதலேனாவுக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மழையில இறங்குறான் சார் பைலட். கீழே கப்பலா நிக்குது. ஒரு என்ஜினோட எண்ணெய் அழுத்தம் திடீர்னு பூஜ்யம் காட்டுது. அவன் என்ன செய்வான்?”

நாகூர் கனிக்குப் பதில் தெரியும். எண்ணெய் இல்லாத என்ஜின் எரிந்துவிடும் என்று பயந்து அதை அணைப்பான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினை, தரைக்குப் பக்கத்தில் வந்து அணைப்பான். அவர் மேஜைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போய் நிதானமாக முடிவெடுங்கள் என்றார். முடிவெடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

வீட்டில் அன்று மாலை அவள் நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். அல்போன்சம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“நின்னுடுச்சாடி?”

“இல்லம்மா. இது எந்த ஐடியாவுக்குக் குடுத்தாங்களோ, அந்த ஐடியா தப்பு.”

“அதுக்குக் கடிகாரம் என்னடி பண்ணும்?”

 அம்மா சொல்வது நியாயம்தான். ஆனாலும் கடிகாரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஹாலம் வந்தார். ஒடிசலான மனிதர், சிங்கப்பூர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சோதனையைத் தொடங்கலாமா என்றவரிடம், அதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று சொல்லி, மதலேனா உரித்தெடுத்த சீலன்ட் தோலை மேஜைமேல் வைத்தாள். திங்கள் முதல் வியாழன் வரை நடந்ததை வரிசையாகச் சொன்னாள். நான்கு விமானங்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அவர் தோலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைத் தடவச் சொன்னது யார் என்று கேட்டார்.

கருவிப் பெட்டி பக்கத்தில் நின்ற மருதப்பன் முந்திக்கொண்டு, தடவியது தான் என்றார். ஒரு பக்கம் தடவாமலேயே தடவியதாகக் கையெழுத்துப் போட்டதும் தான்தான் என்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையும் போட்டு உடைத்தார். மதலேனா சுவரிலிருந்து வேலைத்தாள் 31ஐக் கழற்றி ஹாலம் முன்னால் வைத்து, அடியில் இருந்த தன் பெயரைக் காட்டினாள். எழுதியது நான், இதற்கு முதல் பரிசும் வாங்கியிருக்கிறேன் என்றாள். ஹாலம் சிரிக்கவில்லை.

சோதனை நடந்தது, விமானம் தேறியது. ஆனால் அறிக்கையில் மதலேனா கையெழுத்திடவில்லை. ஒரு கோளாறுக்குக் காரணமானவரே அது தீர்ந்தது என்று சான்று சொல்லக் கூடாது, விதி அப்படி என்றார் ஹாலம். தானே கையெழுத்திட்டார். பொய்க் கையெழுத்துக்கு மருதப்பனுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுக்கச் சொன்னார். நான்கு விமானங்களையும் அன்றே தரையில் நிறுத்தச் சொன்னார். கையெழுத்து உரிமை பற்றி வாயே திறக்கவில்லை. அறிக்கையில் மதலேனாவின் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது, ‘காரணம்’ என்ற கட்டத்தில்.  ஆறு வாரம் குளிரில் உட்கார்ந்து படித்தது இதற்கா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

விமானங்கள் பயணிகள் இல்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. மருதப்பன் சுரண்டினார், மதலேனா வேனில் உட்கார்ந்து சோதித்தாள், தாள்கள் கையெழுத்துக்காக ஹாலமின் ஊருக்குத் தபாலில் போய்வந்தன. முதல் இரண்டிலும் சீலன்டோடு சோதித்தபோது பூஜ்யம், சுரண்டியபின் தொண்ணூறு.

மூன்றாவது விமானத்தோடு அதன் பதிவேடும் வந்தது. விமானிகள் பறக்கும்போது கண்ட குறைகளை எழுதிவைக்கும் புத்தகம். மதலேனா வழக்கம்போல அதைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. கப்பல்கள் நங்கூரமிடும் இடத்துக்கு மேலே, மழையில், வலப்பக்க எண்ணெய் அழுத்தம் பூஜ்யம். அணைக்கக் கை வைத்தேன். அதற்குள் எண் திரும்பிவிட்டது. ஈரமாக இருக்கலாம். இவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே விமானியின் கையெழுத்து, பயணிகள் பதினேழு.

தேதியைப் பார்த்தாள். சோதனைக்கு மூன்று வாரம் முந்தியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாகூர் கனியின் அறைக்குப் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

“ஆறு மாசம்னு சொன்னேனே,” என்றார் மெதுவாக.

 அவர் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, ஹாலமுக்கு அனுப்பினார். கடிதத்தில் வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசியதும் இருந்தது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான்காவது விமானம் வந்த அன்றுதான் பதில் வந்தது, ஒரே பக்கம். பாராட்டு, வாழ்த்து எதுவும் இல்லை. புதிய வேலைத்தாளை எழுதியவராக மருதப்பனின் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு வரி. தாளை எழுதியவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்றானதால் இனி விதி குறுக்கே நிற்காது. இந்த ஹேங்கரில் நடக்கும் ரேடியோ அலைச் சோதனைகளில், இன்று தொடங்கி, கையெழுத்திடத் தகுதியானவர் என்று இன்னொரு வரி. அதற்கு எதிரே ஒரே ஒரு பெயர், மதலேனா.

மதலேனா அதை மருதப்பனிடம் காட்டினாள். அவர் தன் பெயர் இருந்த வரியை நான்கு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, கடிகாரம் எப்போது தருவார்கள் என்று கேட்டார். கிடைக்கிற மாதிரி தெரியவில்லை என்றாள். நான்காவது விமானத்தின் இரண்டு இணைப்பையும் அவர் சுரண்டிப் பூட்டிய மறுநாள் காலை, அவள் வேனுக்குள் ஏறினாள். கருவிகளுக்கு மேலே, பக்கவாட்டுச் சுவரில், அவள் கொண்டுவந்து மாட்டிய மார்சிலிங் வீட்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தாளை எடுத்து, தொடங்கிய நேரம் என்ற கட்டத்தில் அதைப் பார்த்து ஒன்பது பத்து என்று எழுதினாள். பத்தரை மணியளவில், முன்பு எண் விழுந்த அதே அலைவரிசையைத் தாண்டினாள். தொண்ணூறு, தொண்ணூறு. சோதனை முடிந்ததும் அடிக்கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி தெளிவாகக் கையெழுத்திட்டாள். பதினேழு பேர் அன்று மாலை அந்த நான்காவது விமானத்தில் தீவுக்குப் போனார்கள்.